மைனஸ் 30-இல் காக்கைக்கு எங்கே சோறு வைப்பது?

கனடாவின் வினிபெக் நகரிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். வயது 63. கும்பகோணம் பக்கத்துக் கிராமம், ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் தவறி இரண்டு வருடமாகிறது. பெற்றோர் ஒரு வருகையில் ஐந்து வருடம் வரை தங்க அனுமதிக்கும் சூப்பர் விசாவில், போன செப்டம்பரில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறார். மகனும் மருமகளும் வேலைக்கும் பேரன் டேகேருக்கும் கிளம்பிவிட்டால், மாலை ஐந்து மணி வரை வீட்டில் இவர் மட்டும்தான். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நீளமான கடிதத்தின் சாரம் இது:

"ஊரில் விடியும் முன்பே எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டு, தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்துதான் காபி. காக்கைக்கு வைக்காமல் மதியம் சாப்பிட்டதில்லை. இங்கே நவம்பரிலிருந்து வாசற்படி தாண்டியது மிகக் குறைவு. வெளியே போனால் நிமோனியா வந்துவிடும், இன்சூரன்ஸ்காரன் எல்லாவற்றுக்கும் பணம் தரமாட்டான் என்று மகன் தடுக்கிறான். மரங்கள் எல்லாம் செத்து நிற்கின்றன. கண்ணில் ஒரு குருவி படவில்லை. ஆசையாக வாங்கிய கறிவேப்பிலைச் செடிகூட இலை கொட்டிவிட்டது. எனக்கு 14 வருடமாகச் சர்க்கரை. பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். பாதத்தில் கொஞ்சம் மதமதப்பு உண்டு. வைட்டமின் டி கிடைக்கட்டும் என்று ஜன்னலோரம் வெயிலில் உட்காருகிறேன். ஊரிலிருந்து கொண்டுவந்த 60,000 யூனிட் பவுடரையும் வாரம் ஒன்று போடுகிறேன். நாலரை மணிக்கே இருட்டுகிறது, மனசும் சேர்ந்து இருட்டுகிறது. யூடியூபில் இதைக் குளிர்கால மனச்சோர்வு என்கிறார்கள். அதற்கு ஒரு விளக்கு உண்டாமே, வாங்கலாமா? சில நாள், இருந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றும். ஐந்து வருடமும் இப்படியே இருக்க வேண்டுமா?"

வணக்கம் அம்மா.

செடி, குருவி, வெயில் என்று விவரமாக எழுதிவிட்டு, "இருந்து என்ன ஆகப்போகிறது" என்பதை மட்டும் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். நான் அதிலிருந்து தொடங்குகிறேன். அந்த எண்ணம் அலுப்பில் வந்து போகிறதா, அல்லது வாழ வேண்டாம் என்ற அளவுக்குப் போகிறதா? இரண்டாவது என்றால் மகன் வருத்தப்படுவான் என்று யோசிக்காதீர்கள், இன்றே சொல்லிவிடுங்கள். கனடா முழுவதும் 988 என்ற எண் இரவு பகல் எந்த நேரமும் எடுப்பார்கள். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பேசலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். முதல் வகை என்றாலும், இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லை, தூக்கமோ பசியோ மாறிவிட்டது என்றால் மருத்துவரிடம் பேச வேண்டிய நிலைதான். கும்பகோணத்தில் உங்களை வருடக்கணக்கில் பார்த்த டாக்டரிடம் வீடியோவில் பேசுவதுகூட நல்ல தொடக்கம்.

யூடியூப் சொன்ன நோய் உண்மையில் இருக்கிறது. நார்மன் ரோசன்தால் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவும் 1984-இல் அதை விவரித்து எழுதினார்கள். ஆனால் ஒரே ஒரு குளிர்காலத்தை வைத்து அந்தப் பெயரைச் சூட்ட முடியாது. குறைந்தது இரண்டு வருடம் தொடர்ந்து, குளிர்காலத்தில் வந்து வசந்தத்தில் விலகுவதாக இருக்க வேண்டும். உங்களுக்கோ இது முதல் குளிர்காலம். போதாததற்கு, கணவர் இல்லாத வீட்டிலிருந்து, பேச ஆளில்லாத இன்னொரு வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். கும்பகோணத்தில் வருடத்தின் மிகக் குறுகிய பகலே 11 மணி நேரத்துக்கு மேல். வினிபெக்கில் டிசம்பர் கடைசியில் அது 8 மணி நேரத்தைச் சற்றே தாண்டும். இத்தனையும் ஒன்றாக வந்தால் யாருக்கும் மனம் தொய்யும். எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வெளிச்சம், நடை, பேச்சு மூன்றுமே எல்லாவற்றுக்கும் உதவும்.

விளக்கு வாங்கும் முன்

அந்த விளக்கு ஏமாற்று இல்லை. கனடாவில் 2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், குளிர்கால மனச்சோர்வு உள்ளவர்களில் ஒரு பாதிக்கு 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) விளக்கும் மறுபாதிக்கு ஃப்ளூவாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். எட்டு வாரத்தில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு குணம் தெரிந்தது. காலையில் எழுந்ததும் அரை மணி நேரம், விளக்கை உற்றுப் பார்க்காமல், அதன் முன் உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம். ஆனால் உங்களுக்கு 14 வருடச் சர்க்கரை. விழித்திரையைக் கடைசியாக எப்போது காட்டினீர்கள் என்று கடிதத்தில் இல்லை. கண் மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகு விளக்கை வாங்கலாம். குடும்பத்திலோ உங்களுக்கோ மனநிலை மிதமிஞ்சி ஏறி இறங்கும் பைபோலார் நோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள். இந்த வெளிச்சம் அவர்களுக்கு மனநிலையை எதிர்ப்பக்கம் தூக்கிவிடக்கூடும்.

இன்னொன்று. வீட்டுக்குள் எரியும் விளக்குகள் சில நூறு லக்ஸ்தான். மேகம் மூடிய பகலில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். பனியில் பட்டுத் திரும்பும் தெளிந்த வெயில் கடையில் விற்கும் அந்த விளக்கையே மிஞ்சிவிடும். வினிபெக்கில் குளிர் மிகக் கடுமையாக இருக்கும் நாட்களில் வானம் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். அதனால் என் முதல் மருந்துச்சீட்டு, நண்பகலை ஒட்டிக் கொஞ்ச நேரம் வெளியே போய் வருவது. அதற்கு மகன் சம்மதிக்க வேண்டுமே! அவருடைய பயத்தில் பாதி நியாயமானது, பாதி தவறானது.

எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

நிமோனியா கிருமியால் வருவது. ஜலதோஷமும் அப்படித்தான். குளிர்காலத்தில் அவை அதிகம் பரவ, எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே காற்றைச் சுவாசிப்பது ஒரு முக்கியக் காரணம். டேகேரிலிருந்து பேரன் மூக்கொழுக வந்து உங்கள் மடியில் ஏறுவதில் இருக்கும் ஆபத்து, பத்து நிமிடம் வெளியே நிற்பதில் இல்லை. ஆஸ்துமா இருந்தால் உலர்ந்த குளிர்காற்று இழுப்பைக் கிளப்பும். நீங்கள் அப்படி ஒன்றும் எழுதவில்லை. இருந்தாலும் மூக்கையும் வாயையும் மஃப்ளரால் மூடிக்கொள்ளுங்கள்.

எனக்குப் பயம் உங்கள் பாதத்தைப் பற்றித்தான். மதமதப்பு என்று சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். அது சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்டதன் அடையாளமாக இருக்கலாம். குளிர் கடித்தால் மற்றவர்களுக்கு முதலில் வலிக்கும், எரியும், உள்ளே ஓடுவார்கள். உங்களுக்கு அந்த எச்சரிக்கை வராது. விரல் வெளுத்து மரத்துப் போனபின்தான் தெரியும். அதைவிட மோசம், உள்ளே வந்து சூடு உறைக்காமலே ஹீட்டர் மேல் காலை வைத்துச் சுட்டுக்கொள்வது. பூட்ஸ் விரலை அசைக்க இடம் இருக்கும்படி இருக்கட்டும், உள்ளே கம்பளிக் காலுறை போடுங்கள். இறுக்கமாக இரண்டு காலுறை போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் ஜில்லிடும். திரும்பியதும் பாதத்தை அடிப்பக்கம் உட்பட பாருங்கள், குனிய முடியாவிட்டால் கண்ணாடி வைத்துப் பாருங்கள். எங்காவது வெளுத்திருந்தால் தேய்க்க வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்க வேண்டும், அந்தச் சூட்டை மருமகள் கைவிட்டுப் பார்த்துச் சொல்லட்டும்.

அடுத்தது வழுக்கல். வினிபெக் இருக்கும் மனிடோபா மாகாணத்தின் அரசு மருத்துவக் காப்பீடு வருகையாளர்களுக்குக் கிடையாது. ஐஸில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் உடம்புக்கும் பணத்துக்கும் சேர்த்து அடி. மகன் இன்சூரன்ஸ் என்று சொன்னது இந்த விஷயத்தில் நியாயம். பூட்ஸின் அடியில் மாட்டும் ரப்பர் பற்கள் மலிவாகக் கிடைக்கின்றன. மாட்டிக்கொண்டு, சின்ன அடி வைத்து, கையைப் பையிலிருந்து வெளியே எடுத்து நடங்கள். வீட்டுக்குள் வரும்போது கழற்றிவிடுங்கள், டைல்ஸில் அதுவே வழுக்கும். புடவைதான் கட்டுவேன் என்றால் கொசுவத்தை உயர்த்திச் செருகி உள்ளே குளிர் தாங்கும் தெர்மல் உள்ளாடை போடுங்கள், ஆனால் சுடிதார்தான் வசதி. பருத்தி உள்ளாடை வியர்வையைப் பிடித்துவைத்து உடம்பைக் குளிரவைக்கும். கைக்கு ஐந்து விரல் கிளவுஸைவிட விரல்கள் ஒன்றாக இருக்கும் மிட்டன் நல்லது.

அப்புறம், பிள்ளை களைத்து வருகிறானே என்று பனி அள்ளக் கிளம்பிவிடாதீர்கள். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், பிரஷர் ஏறும். அந்த நேரத்தில் கனமான பனியை வாரித் தூக்குவது இதயத்துக்குப் பெரிய சுமை. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்த வேலை வேண்டாம்.

எவ்வளவு குளிர் வரை போகலாம்

போனில் வெப்பநிலைக்கு அருகில் காற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட இன்னோர் எண் இருக்கும். விண்ட் சில் என்பார்கள். பார்க்க வேண்டியது அதைத்தான். மைனஸ் 28 முதல் மைனஸ் 39 வரை இருந்தால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம் என்பது கனடா சுற்றுச்சூழல் துறையின் கணக்கு. மைனஸ் 40-ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடம் போதும். இது நல்ல உணர்ச்சியுள்ள தோலுக்கும் பொருந்தும் கணக்கு. உங்கள் பாதத்தை மனதில் வைத்து நான் கோட்டை முன்னாலேயே போடுகிறேன். விண்ட் சில் மைனஸ் 20 வரை 15, 20 நிமிடம். அதற்குக் கீழே மைனஸ் 27 வரை ஐந்து நிமிடம், அதுவும் வீட்டு வாசலில். அதற்கும் கீழே போனால் ஜன்னல்தான். போகும்போது போன் கையில் இருக்கட்டும், "வெளியே போகிறேன்" என்று மகனுக்கு ஒரு வாட்ஸ்அப், திரும்பியதும் இன்னொன்று.

கனடாவில் மருத்துவர்கள் இயற்கையில் நேரம் செலவிடச் சொல்லிச் சீட்டெழுதும் 'பார்க்ஸ்' என்ற திட்டம் 2020-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் தொடங்கி மற்ற மாகாணங்களுக்கும் வந்தது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்பது அவர்கள் சொல்லும் அளவு. இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் கேட்டு 2019-இல் வந்த ஆய்வும் வாரம் 120 நிமிடம் இயற்கையில் இருந்தவர்கள் கூடுதல் நலமாக இருப்பதாகச் சொன்னது. நலமாக இருப்பவர்கள்தான் வெளியே அதிகம் போகிறார்களோ என்ற கேள்வி அதில் தீரவில்லை, இங்கிலாந்தின் குளிரும் நம்ம குளிரும் ஒன்றில்லை. எனவே 120-ஐப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். தினமும் கதவைத் திறந்து வெளியே வருவதுதான் உங்களுக்குக் கணக்கு.

செத்து நிற்கும் மரங்கள்

வினிபெக் தெருக்களில் எல்ம் மரங்கள் நிறைய உண்டு. கைக்கெட்டும் கிளை ஒன்றை இழுத்துப் பாருங்கள். நுனியில் மிளகைவிடச் சிறிதாகப் பழுப்பு முடிச்சுகள் இருக்கும். அவை போன கோடையிலேயே மரம் கட்டிவைத்த மொட்டுகள். இலையுதிர்காலத்தில் மரம் தன் செல்களிலிருந்து தண்ணீரை வெளியேற்றிவிடுகிறது. பனி செல்லுக்கு வெளியே உறையும், உள்ளே சேதமிருக்காது. வசந்தத்தில் இலை வரும் முன்பே எல்ம் பூத்துவிடும். ஒரே கிளையை அடையாளம் வைத்து வாரம் ஒருமுறை பாருங்கள். டீச்சராக இருந்தவருக்கு நோட்டுப் போட்டு எழுத நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

குருவி இல்லை என்றீர்கள். இருக்கிறது, அதுவும் கும்பகோணத்துச் சிட்டுக்குருவியேதான். 1850-களில் நியூயார்க்கில் கொண்டுவந்து விட்ட அந்த இனம் கண்டம் முழுக்கப் பரவி, வினிபெக்கின் புதர்வேலிகளில் குளிர்காலம் முழுவதும் கத்திக்கொண்டிருக்கிறது. மூடிய இரட்டைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்தால் அந்தச் சத்தம் கேட்காது.

காக்கை விஷயம் கொஞ்சம் சிக்கல். இங்குள்ள காக்கைகளில் பெரும்பாலானவை குளிருக்குத் தெற்கே போய்விட்டு மார்ச் வாக்கில் திரும்பும். அதன் பெரிய சொந்தக்காரரான ரேவன் இங்கேயே இருக்கும், ஆனால் நம் ஊர்க் காக்கை மாதிரி அழைத்தால் வந்து உட்காரும் பழக்கமில்லை. மதியச் சோற்றில் ஒரு பிடி வைப்பது சாஸ்திரத்துக்கு என்றால் வையுங்கள், அது உங்களுக்கும் மறைந்த உங்கள் கணவருக்கும் உள்ள விஷயம். ஆனால் அது சில நிமிடத்தில் கல்லாகிவிடும், மீந்ததை எலி தேடி வரும். பறவைக்கு உண்மையில் உதவ வேண்டுமென்றால், உப்புப் போடாத கறுப்புச் சூரியகாந்தி விதையை ஒரு கூண்டுத் தட்டில் போட்டுத் தொங்கவிடுங்கள். இந்தக் குளிரில் பறவைக்குத் தேவை கொழுப்பு. தட்டை ஜன்னலுக்கு ஒரு மீட்டருக்குள் மாட்டுங்கள், அல்லது பத்து மீட்டருக்கு அப்பால். இடைப்பட்ட தூரத்தில் இருந்தால் வேகமெடுத்துக் கண்ணாடியில் மோதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவிக் காயவையுங்கள்.

முதலில் வருவது அநேகமாகச் சிக்கடீ. கறுப்புத் தொப்பி, வெள்ளைக் கன்னம், எடை 10, 12 கிராம்தான். இரவில் தன் உடல் வெப்பத்தைப் பத்து டிகிரி அளவுக்கு இறக்கிச் சக்தியை மிச்சம் பிடிக்கும். விதையை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் மரப்பட்டை இடுக்கில் ஒளித்துவைத்து, பிறகு ஞாபகமாக எடுக்கும். அது தன் பெயரையே சொல்லிக் கூப்பிடும்: சிக்-அ-டீ-டீ. எதிரி எவ்வளவு ஆபத்தானதோ அவ்வளவு 'டீ' கூடும் என்று ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். பூனை வரும்போது எண்ணிப் பாருங்கள். சின்ன மரங்கொத்தி, நீல ஜே, மரத்தில் தலைகீழாக இறங்கும் நட்ஹாட்ச் எல்லாம் பின்னால் வரும். பிப்ரவரியில் நான்கு நாள் உலகம் முழுக்க நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பில் யாரும் சேரலாம், கட்டணமில்லை, 15 நிமிடம் எண்ணினால் போதும். பேரனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோலத்தை ஏன் விட்டீர்கள்? வெள்ளைப் பனியில் அரிசிமாவு தெரியாதுதான். கெச்சப் பாட்டிலில் மஞ்சளோ சமையல் நிறமோ கரைத்த தண்ணீரை ஊற்றி, பனிமேல் பிழிந்து இழுங்கள். ஐந்து நிமிடக் கணக்குக்குள் ஒரு நேர்ப்புள்ளிக் கோலம் முடியும், மறுபனி விழும்வரை கலையாது. தைப்பொங்கலன்று இதைச் செய்யும்போது சூரியனையும் பாருங்கள், நேராக இல்லாமல் கையால் மறைத்து. கடுங்குளிர் நாட்களில் காற்றில் மிதக்கும் ஐஸ் படிகங்களில் ஒளி வளைந்து, சூரியனுக்கு இரண்டு பக்கமும் இரண்டு போலிச் சூரியன்கள் தெரிவதுண்டு. ஊரில் எத்தனை பொங்கல் வைத்தாலும் அது கிடைப்பது அரிது.

கறிவேப்பிலைச் செடி சாகவில்லை என்றே நினைக்கிறேன். வெளிச்சமும் சூடும் குறைந்தால் அது இலையை உதிர்த்து உறங்கும். தண்டை நகத்தால் லேசாகக் கீறுங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. பாவம் என்று தினமும் தண்ணீர் ஊற்றித்தான் பலர் வேரை அழுகவிடுகிறார்கள். மேல்மண் காய்ந்த பிறகு கொஞ்சம் ஊற்றுங்கள், வசந்தம் வரை உரம் வேண்டாம், குளிர்ந்த கண்ணாடியை ஒட்டி வைக்காதீர்கள். கையில் மண் படாமல் இருக்க முடியாது என்றால் வெந்தயத்தையும் கொத்தமல்லியையும் தட்டில் விதையுங்கள். மாதம் ஒருமுறை அசினிபோயின் பூங்காவில் 2022-இல் திறந்த 'தி லீஃப்' கண்ணாடி மாளிகைக்கு உங்களைக் கூட்டிப்போவது மகனின் பொறுப்பு என்று இதன் மூலம் சொல்லிவைக்கிறேன். வெப்பமண்டலச் செடிகளுக்கான கூடத்தில் அருவியும் ஈரக்காற்றும் உண்டு. கோட்டைக் கழற்றிவிட்டு உட்காரலாம்.

ஜன்னல் வெயிலும் அந்தப் பவுடரும்

ஜன்னலோரம் உட்காருவது மனசுக்கு நல்லது, வைட்டமின் டி-க்கு உதவாது. அதற்குத் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். ஜன்னலைத் திறந்தாலும் பயனில்லை. இந்த அட்சரேகையில் குளிர்காலச் சூரியன் மிகச் சாய்வாக இருப்பதால் தோல் அந்த வைட்டமினை ஏறக்குறைய தயாரிப்பதே இல்லை, நம் நிறத்துக்கு இன்னும் கடினம். எனவே மாத்திரை தேவைதான். ஆனால் 60,000 யூனிட் பவுடர் குறைபாடு உள்ளவர்களுக்கு, மருத்துவர் சொல்லும் சில வாரங்களுக்கு மட்டும் தருவது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை என்று மாதக்கணக்கில் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். பவுடரை இப்போது நிறுத்திவிட்டு, எத்தனை வாரம் போட்டீர்கள் என்று உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். 50 வயதைத் தாண்டியவர்களுக்குத் தினம் 400 யூனிட் மாத்திரை என்பது ஹெல்த் கனடாவின் பரிந்துரை. மருத்துவர் சொல்லாமல் தினம் 4,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது.

ஐந்து வருடமும் இருக்க வேண்டுமா

வேண்டியதில்லை அம்மா. சூப்பர் விசாவில் ஒரு வருகையில் ஐந்து வருடம் வரை தங்கலாம் என்பது அனுமதி, கட்டாயம் இல்லை. பொதுவாக அது பலமுறை வந்துபோகும் விசா, பத்து வருடம் வரை செல்லும். உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள தேதியைப் பாருங்கள். நவம்பரில் ஊருக்குப் போய் ஏப்ரலில் திரும்புகிற பெற்றோர் இங்கே பலர் உண்டு. மகனை விட்டுப் போகிறோமே என்ற குற்ற உணர்வில் இதைக் கேட்காமலே இருந்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அதேசமயம் ஊரில் இப்போது அந்த வீட்டில் தனியாக இருக்க முடியுமா என்பதையும் யோசியுங்கள். நீங்கள் ஏங்குவது தோட்டத்துக்கா, அவர் இருந்த நாட்களுக்கா என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். அதனால் முதலில் ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் திட்டமிடுங்கள்.

டிக்கெட் எடுக்கும் முன் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கச் சொல்லுங்கள். இடையில் இந்தியா போய்வந்தால் பாலிசி தொடருமா? தங்காத மாதங்களுக்குப் பணம் திரும்புமா? சர்க்கரை, பிரஷர் மாதிரி முன்பே உள்ள நோய்களுக்கு என்ன நிபந்தனை? மூன்றாவதில் கவனம் வேண்டும். பாலிசி தொடங்கும் முன் குறிப்பிட்ட காலத்துக்கு மருந்து அளவு மாறாமல் இருக்க வேண்டும் என்று பல பாலிசிகள் கேட்கும். அதனால் ஊரில் டாக்டர் மாத்திரையை மாற்றினால், அந்தத் தேதி போட்ட சீட்டைப் பத்திரமாக வைத்து, திரும்பி வந்து புதுப் பாலிசி எடுக்கும்போது மறைக்காமல் காட்டுங்கள்.